மேனியும் பொறியும்: கோர்வெற் காரின் கதை

1953ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே நியூயோர்க் மாநகரின் வால்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் ஒரு கண்காட்சியைத் திறந்துவைத்தனர். அங்கே திரண்ட மக்கள் வெண்ணிற வண்டி ஒன்றைச் சூழ்ந்துகொண்டு, விட்டகல மனமின்றி நின்றனர். இருவர் மட்டுமே அமரத்தக்க வண்டி அது, தரையோடு தாழ்ந்தது, கூரையோ மடித்து வைக்கத்தக்க துணி. சிறிய, விரைவான போர்க்கப்பல் வகையொன்றின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தனர். கோர்வெற் என்பது அப்பெயர்.

இவ்வண்டியை உருவாக்க முனைந்தவர் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரான ஹார்லி ஏர்ல் என்பவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தின் எம்.ஜி., ஜாகுவார் முதலிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அமெரிக்க இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. அத்தகைய வண்டியொன்றை அமெரிக்கர் தாமே ஏன் செய்தல் கூடாது என்பது அவருடைய எண்ணம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தைக்கூட ஜாகுவார் எக்ஸ்.கே. 120 வண்டியைப் போலவே 102 அங்குலமாக வைத்தனர். உடலை உருக்குத் தகட்டாற் செய்யாது, கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்தனர். உருக்குத் தகட்டை வளைக்கும் அச்சுகளைச் செய்யப் பெரும் பொருளும் நெடுங்காலமும் வேண்டும். சிறு தொகையாகச் செய்யப்படும் வண்டிக்கு அது கட்டுபடியாகாது.

மேனி அழகியதுதான். ஆனால் மூடியைத் திறந்து பார்த்தவர்க்கு ஏமாற்றமே காத்திருந்தது. உள்ளே இருந்தது சாதாரணக் குடும்ப வண்டிகளுக்குரிய செவ்ரோலெற் ஆறு உருளைப் பொறி. அதனைச் சற்றே திருத்தி 150 குதிரை வலுவைப் பெற்றிருந்தனர். கியர்ப் பெட்டியோ தானாக மாறும் இரண்டே கியர்களை உடையது. வண்டியை வேகமாக ஓட்டி இன்புற விழைபவன் தன் கையாற் கியர் மாற்றும் இன்பத்தை இழக்க வேண்டியதாயிற்று! கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. மழை வந்தால் பக்கத் திரைகளை எடுத்துப் பொருத்த வேண்டும்.

1953 ஜூன் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கிற்று. அவ்வாண்டிலே பெரும்பாலும் கைவேலையாக 300 வண்டிகள் செய்யப்பட்டன, அனைத்தும் வெண்ணிறம். மறு ஆண்டில் சென் லூயிஸ் நகரில் 3,640 வண்டிகள் உருவாயின. அவற்றுட் பல வாங்குவாரின்றி முடங்கின. 1955இல் போர்ட் நிறுவனத்தார் தண்டர்பேர்ட் என்னும் இரண்டு இருக்கை வண்டியை விற்பனைக்கு விட்டனர். முதலாண்டிலேயே அது 16,000க்கு மேல் விலைபோயிற்று. அதே ஆண்டிற் செய்யப்பட்ட கோர்வெற் 700 மட்டுமே. அத்துடன் கோர்வெற்றின் கதை முடிந்திருத்தல் கூடும்.

முடியாமைக்குக் காரணமானவருள் முதன்மையானவர் சோரா ஆர்க்கஸ் டன்டொவ். ரஷ்யப் பெற்றோருக்கு 1909இல் பிரசெல்ஸ் நகரிற் பிறந்தவர். பெர்லினில் பொறியியல் பயின்றவர். நாசிகளின் பிடியிலிருந்து தப்பிப் பிரான்சை விட்டு அமெரிக்காவை அடைந்தவர். அங்கே தம் சகோதரருடன் சேர்ந்து அவர் செய்து விற்ற உருளைத் தலைகள், வேடிக்கையாக, போர்ட் பொறிகளை விரைவாக்கப் பயன்பட்டவை. நியூயோர்க் கண்காட்சியில் கோர்வெற்றைக் கண்டபோது, அதன் வடிவில் மயங்கியும் பொறியில் மனம் நொந்தும் அவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 1953 மே மாதம் செவ்ரோலெற் பிரிவிலே பொறியியலாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மேலதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பொன்று வரலாற்றுச் சிறப்புடையது. வேகத்தை நாடும் இளைஞர் போர்ட் வண்டிகளைப் பற்றியே படித்துப் பேசி வளர்கின்றனர். அவர்களுக்கேற்ற பொறி உறுப்புகளை நாமும் ஆக்கி அளித்தாலன்றி அவர்கள் நம்மிடம் வாரார் என்பது அதன் சாரம்.

1955இல் வி வடிவில் அமைந்த புதிய எட்டு உருளைப் பொறி கோர்வெற்றுக்கு வந்து சேர்ந்தது. அதன் வலு 195. கையால் மாற்றும் மூன்று கியர்ப் பெட்டியும் தொடர்ந்தது. 1956 ஜனவரியில் டன்டொவ் தாமே புளோரிடாவின் டேற்றோனாக் கடற்கரை மணலிலே மணிக்கு 150 மைல் வேகத்தில் வண்டியைச் செலுத்திக் காட்டினார். 1957இல் காபுரேற்றருக்குப் பதிலாக எரிபொருளை அளந்து பீச்சும் சாதனம் பொருத்தப்பட்டது. 283 கன அங்குலக் கொள்ளளவுள்ள பொறி 283 குதிரை வலுவைத் தந்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை!

பொறி தேறிய பின்னர் மேனிக்கும் பொறிக்கும் இடையே பிணக்குத் தோன்றியது. ஏர்லுக்குப் பின் வடிவமைப்புத் தலைவரான பில் மிச்செல் 1963இல் ஸ்டிங் ரே என்னும் புதிய கோர்வெற்றை வெளிப்படுத்தினார். லரி ஷினோடா என்பவர் அதன் வரைவிற் பெரும்பங்கு கொண்டவர். மூடியிலிருந்து வால்வரை முதுகெலும்பு போல ஒரு மேடு ஓடிற்று. அது பின்கண்ணாடியை நடுவே இரண்டாகப் பிளந்தது. ஓட்டுநர் பின்னே வருவதைக் காணல் எங்ஙனம் என்று டன்டொவ் வாதாடினார். மிச்செல் இணங்கவில்லை. ஓராண்டு மிச்செலின் எண்ணம் வென்றது. 1964இல் கண்ணாடி ஒன்றாயிற்று. காணும் வசதியைப் பொறுத்தமட்டில் டன்டொவே சரியானவர். ஆயினும் பழைய வண்டிகளைச் சேகரிப்போர் இன்று மிகுந்த விலை கொடுத்துத் தேடுவது அந்தப் பிளந்த கண்ணாடி வண்டியைத்தான்!

அதே ஸ்டிங் ரேயின் அடியிலே டன்டொவின் வெற்றி மறைந்திருந்தது. முன்னைய வண்டிகளில் பின்சில்லு இரண்டும் ஒரே விறைத்த அச்சினாற் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்று குழியில் விழுந்தால் மற்றதும் நிலைகுலையும். புதிய வண்டியில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே அசையுமாறு அமைத்து, குறுக்கே ஒரு தகட்டு வில்லால் அவற்றைத் தாங்கச் செய்தார். 1965இல் நான்கு சில்லுகளுக்கும் தட்டுப் பிரேக்குகள் வந்தன. 1968இல் மேனி மீண்டும் மாறிற்று. அடிச்சட்டமோ 1963இன் வழிவந்ததாகவே 1982வரை நிலைத்தது.

எழுபதுகளிலே காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பொறியின் வலுவைக் குறைத்தன. 1975இன் அடிப்படைப் பொறி 165 குதிரை வலுவையே தந்தது. வலுவை அளக்கும் முறையும் 1972இல் மாற்றப்பட்டமையால், பழைய எண்களோடு இதனை அப்படியே ஒப்பிடல் பொருந்தாது. 1981இல் உற்பத்தி கென்ரக்கி மாநிலத்துப் போலிங் கிறீன் நகருக்குப் பெயர்ந்தது. 1997இன் புதிய வண்டியில் பாரத்தைச் சமன்செய்யக் கியர்ப் பெட்டியைப் பின் அச்சருகே கொண்டுசென்றனர்.

பொறியை மட்டும் எவரும் முன்னிருந்து அசைக்கவில்லை. அசைக்க வேண்டும் என்பதே டன்டொவின் நெடுநாளைய வேட்கை. பொறி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, பின்சில்லுகளுக்குச் சற்று முன்னே இருக்குமாயின், வண்டியை உந்தும் சில்லுகளின் மேல் பாரம் அழுந்தும். வலு வீணே சுழன்று கழியாது. வளைவுகளில் வண்டி எளிதில் திரும்பும். 1960இலேயே இம்முறையிற் சோதனை வண்டி ஒன்றை அவர் செய்தார். 1970இல் நியூயோர்க் கண்காட்சியில் இன்னொன்று வைக்கப்பட்டது. நிறுவனத்தாரோ செலவை எண்ணித் தயங்கினர். முன்பொறி வண்டி நன்றாகவே விலைபோகையில் அதை மாற்றுவானேன் என்பது அவர்கள் கணக்கு. வணிகர் கணக்கில் அதுவும் பிழையன்று. 1975இன் தொடக்கத்தில் டன்டொவ் ஓய்வு பெற்றார். 1996 ஏப்ரலில் காலமானார்.

2019 ஜூலை 18ஆம் நாள் கலிபோர்னியாவிலே எட்டாம் தலைமுறைக் கோர்வெற் திரைநீக்கம் செய்யப்பட்டது. அதன் எட்டு உருளைப் பொறி இருக்கைகளுக்குப் பின்னே இருந்தது. 2020இல் அவ்வண்டிகள் போலிங் கிறீன் தொழிற்சாலையை விட்டு வெளிவரத் தொடங்கின. அவ்வூரிலே கோர்வெற்றுக்கென ஒரு நூதனசாலை உண்டு. டன்டொவின் அஸ்தி அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது.