விளையை எண்ணிக் கொடுத்த நாள்

வாடகைக்குக் குடிவருகிறவரிடம் குழாய் ஒழுகுகிறதா, விசிறி சுழல்கிறதா, சுவரில் விரிசல் உண்டா என்றெல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வதை நகரவாசிகளின் நூதனமாகக் கருதுவோர் உண்டு. ஆயினும் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் ராஜ்யத்தோடு இணைந்திருந்த காலத்திலேயே, ஏற்கும்போது இடம் எந்த நிலையில் இருந்தது என்னும் கேள்வி, வீட்டைக் காட்டிலும் விளை எனப்படும் மரத்தோட்டத்தைப் பற்றி, மிக நுட்பமாக எழுந்துவிட்டது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் வயல்களில் இதற்கு அத்தனை அவசியமில்லை. கன்னிப்பூ போகம் போனால் கும்பப்பூ போகம், அளக்க வேண்டியது நெல். கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளிலோ நட்டவன் காலத்துக்குப் பின்னும் மரம் நிற்கும். நட்டவன் யாரென்று கேட்டால் அது சாட்சி சொல்லாது. மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், கொல்லம் ஆண்டு 914-ஐ ஒட்டித் தொடங்கிய கண்டெழுத்து என்னும் நிலக் கணக்கெடுப்புகளில், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தோட்டந்தோறும் சென்று தென்னையும் கமுகும் பலாவும் எண்ணியது வரிக்காகவே. நிலவுடைமையாளனான ஜன்மிக்கும் குடியானவனுக்கும் அந்த எண்ணிக்கை வேறொரு காரணத்தால் முக்கியமாயிற்று. குழிக்காணமாக, அதாவது மரம் நட்டு வளர்க்கும் குத்தகையாக, நிலத்தை ஏற்றவன் நட்டு வளர்த்த மரங்களுக்கும், வெட்டிய கிணற்றுக்கும், கட்டிய புரை என்னும் குடிலுக்கும், அவனை வெளியேற்றும்போது ஜன்மி விலை கொடுத்தாக வேண்டும். ஆதலால் முன்பே நின்றவை எவை, பின்பு வந்தவை எவை என்று பிரிக்காமல் கணக்குத் தீராது. தானாக முளைத்த பலாக்கன்றை ஆடுமாடு கடிக்காமல் காத்தவனுக்கு என்ன பங்கு? அயலிலிருந்த மலபாரில் 1900-ஆம் ஆண்டுச் சட்டம், நடுவதோடு காத்து வளர்ப்பதையும் அபிவிருத்தியாகவே கணித்தது. என் அபிப்பிராயத்தில் நியாயமும் அதுவே. திருவிதாங்கூரிலும் 1867-ஆம் ஆண்டு அரச விளம்பரமும் 1896-ஆம் ஆண்டு ஜன்மி-குடியான் சட்டமும் குடியானவனுக்குப் பாதுகாப்பளித்தன.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமோ எதிர்த்திசையில் நோக்கிற்று: இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே திருப்பித்தர வேண்டியது குத்தகைதாரரின் கடமை என்றது. இன்றைய வீட்டு வாடகைப் பத்திரம் இந்த வழியில் வந்தது. ஆகவேதான் அதன் பட்டியல் பெரும்பாலும் முன்பணத்தில் பிடித்தம் செய்யவே விரிக்கப்படுகிறது, குடியிருந்தவர் சேர்த்ததற்கு விலை பேச அன்று. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தன் பராமரிப்பு அட்டவணையில் வெள்ளையடிப்பதை உடைமையாளர் தலையிலும் குழாய் வாஷர் மாற்றுவதை வாடகைதாரர் தலையிலும் வைத்திருக்கிறது. முற்றத்தில் அவர் வைத்த முருங்கைக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.