நெல்சனின் தலையிடி

திருகோணமலைத் துறைமுகத்தின் கதையில் நெல்சன் பேரும் வரும். 1775இல் 'சீஹார்ஸ்' கப்பலில் இங்கே வந்துபோன பொடியன். 1798 ஆகஸ்ட் 1 இரவு, நைல் கடற்சண்டையில் அதே ஆளின் நெற்றியில் இரும்புத்துண்டு பட்டது. தோலைத் தைத்தார்கள். உள்ளே மூளை குலுங்கினதை யார் கண்டது? வாரக்கணக்கில் தலையிடி, சத்தி.

இன்றைக்கென்றால் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, கண்ணுக்கும் சமநிலைக்கும் பயிற்சி, தலையிடி கூடினால் கொஞ்சம் குறைப்பது என்று பிசியோதெரபிஸ்ட் கூடவே நிற்பார். அவருக்குக் கிடைத்ததோ நேப்பிள்ஸில் எம்மா ஹாமில்டனின் பராமரிப்பும், அதோடு அரண்மனை அரசியலும்.

1799 ஜூன் 29 அன்று, குடியரசுப் பக்கம் போன நேப்பிள்ஸ் தளபதி கராச்சியோலோவைக் காலையில் விசாரித்து மாலையில் தூக்கிலிட வைத்தார் நெல்சன். அந்த அடிதான் புத்தியைக் குழப்பியது என்கிறார்கள் சிலர். இருக்கலாம். ஆனா மண்டையில் அடிபட்ட மாலுமிகள் கனபேர். அவர்கள் யாரையும் தூக்கில் போடவில்லை.