புல்லு வெட்டும் மெஷினும் சண்டை நடந்த காணிகளும்

பளைப் பக்கத்துத் தென்னங்காணி ஒன்றைத் துப்புரவாக்கப் போயிருந்தேன். இடுப்பளவுக்கு கினிப்புல், இடையிடையே ஈச்சம்பற்றை. பத்து நிமிடம் வெட்டியிருப்பேன். 'டங்' என்றொரு சத்தம். மெஷின் கையை உதறிக்கொண்டு வலப்பக்கம் இழுத்தது. அடுத்த கணம் இடது காலின் முன்னெலும்பில் நெருப்பு வைத்தது போல இருந்தது. குனிந்து பார்த்தால், விரல் நீளத் துண்டு முள்ளுக்கம்பி களிசானைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய காவலரண் வேலியின் ஒரு சுருள் புல்லுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. பிளேட் அதைப் பிடித்து அறுத்து எறிந்துவிட்டது. ஐந்து தையல், ஒரு ஏற்பு ஊசி, இரண்டு கிழமை வீட்டில் இருப்பு. கம்பி நாலடி மேலே வந்திருந்தால் என்ற கணக்கை என் மனைவி இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மீள்குடியேறிய பிறகு கூலிக்குப் புல் வெட்டித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. இந்த மெஷினை இப்போது எங்கள் ஊர்களில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் காணலாம் போலிருக்கிறது. வாடகைக்கும் எடுக்கலாம். கடையில் பெட்டியோடு ஒரு கையேடு தருவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் சொல்லியிருப்பது சரிதான், ஆனால் அது ஒழுங்கான புல்வெளிக்கு எழுதப்பட்டது. இருபத்தைந்து வருடம் சண்டை நடந்து, பிறகு பத்துப் பதினைந்து வருடம் ஆளில்லாமல் கிடந்த காணிக்கு எழுதப்பட்டதல்ல. இரண்டையும் சேர்த்து யாராவது தமிழில் எழுதினால் நல்லது என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் மெஷினைப் பற்றி. பெரிய விளையாட்டு மைதானங்களில் ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இருக்கைக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். ஓட்டுபவர் எழும்பினால் வெட்டுவது தானாக நின்றுவிடும். எங்கள் தோளில் தொங்கும் மெஷினுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. விரலை எடுத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். அதுவும் கிளச் நல்ல நிலையில் இருந்தால்தான் பிளேட் நிற்கும். ஸ்ரார்ட் செய்து விசையை அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். பிளேட் அப்போதும் சுற்றினால் அந்த மெஷினைக் கொண்டு வேலைக்குப் போகக்கூடாது. காபரேற்றர் திருத்த வேண்டும் அல்லது கிளச் தேய்ந்திருக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது கடை வாசலிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

பத்து அங்குல பிளேட் ஒன்று நிமிடத்துக்கு 8000 தடவை சுற்றினால் அதன் நுனி செக்கனுக்கு நூறு மீற்றருக்கு மேல் போகிறது. மணிக்கு 380 கிலோமீற்றர் வரும். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கல் பட்டாலும் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் வெட்டுபவரைச் சுற்றி 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்கிறார்கள். கிட்டத்தட்ட இரண்டு தென்னை வரிசை இடைவெளி. எங்கள் ஊரில் என்ன நடக்கிறது? மெஷின் சத்தம் கேட்டவுடன் சிறுவர்கள் பார்க்க வருகிறார்கள், கிழவி தேத்தண்ணியோடு பின்னால் வந்து தோளில் தட்டுகிறார். தோளில் தட்டுவது மிக மோசம். திடுக்கிட்டுத் திரும்பினால் பிளேட்டும் சேர்ந்து திரும்பும். கூட வருபவர் எப்போதும் எதிரே, தூரத்தில், கண்ணில் படும் இடத்தில் நின்று இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். அதைக் கண்டால் விரலை எடுக்க வேண்டும். வேலை தொடங்க முன்பே இதைப் பேசி வைப்பது நல்லது.

மேலேயிருந்து பார்த்தால் பிளேட் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே வலமிருந்து இடமாக அரிவாள் வீசுவது போல வெட்ட வேண்டும். வெட்டிய புல் இடப்பக்கம், ஏற்கெனவே வெட்டிய இடத்தில் விழும். பிளேட்டின் வலது முன்மூலை மரத்திலோ கல்லிலோ முட்டினால் முழு மெஷினும் வலப்பக்கம் உதறும். அந்த மூலையால் ஒரு பற்றையின் அடிமரத்தைத் தொடக்கூடாது. அன்றைக்கு நான் விட்ட பிழைகளில் இதுவும் ஒன்று.

பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் மறைப்புத் தட்டைக் கழற்றிவிட்டு வெட்டுபவர்களைப் பார்க்கிறேன். புல் சிக்குகிறதாம், பாரமாம். எறிபடும் கல்லுக்கும் காலுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். தங்கூசி நூலுக்குப் பதிலாகக் கம்பியோ சைக்கிள் செயினோ கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது அறுந்தால் துப்பாக்கி ரவைக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. எங்களில் பலர் அந்த இரண்டாவது பொருளை உடம்பிலேயே வைத்திருக்கிறோம், மேலும் ஒன்று தேவையில்லை.

உடுப்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். சாரத்தை மடித்துக் கட்டி, செருப்போடு வெட்டுவதுதான் வழக்கம். தடித்த களிசான், முழங்கால் வரை றபர் சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு வலைத்தட்டு. இவற்றுக்கு முழுக்கச் செலவழிக்க வசதியில்லாவிட்டால் கண்ணாடியை மட்டுமாவது வாங்குங்கள். வெயில் கண்ணாடி அல்ல, உடையாத பிளாஸ்ரிக் பாதுகாப்புக் கண்ணாடி. காதும் முக்கியம். இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபல் அளவில் வரும். ஷெல் சத்தத்தில் ஏற்கெனவே ஒரு காது மந்தமானவர்கள் எங்களில் எத்தனை பேர்! மிச்சமிருக்கும் கேள்வியையும் புல்லுக்குக் கொடுக்காதீர்கள்.

சத்தம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு வீட்டில் மெஷினை ஸ்ரார்ட் செய்தபோது அந்த வீட்டு அம்மம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து மாமரத்தடியில் குந்திக்கொண்டார். வன்னியில் அந்த நாட்களில் மேலே சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை எல்லோரும் 'வண்டு' என்றுதான் சொல்வோம். வண்டு வந்தால் பின்னால் ஷெல் வரும். என் மெஷின் தூரத்தில் இரையும்போது அப்படியே அந்தச் சத்தம்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் முதலில் உள்ளே போய், இன்ன மெஷின், இத்தனை மணிக்குத் தொடங்குவேன் என்று வயதானவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கயிற்றை இழுக்கிறேன்.

இனிக் காணி. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் வரிசையில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் 2008 இறுதி வரை முன்னரங்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும். இரு தரப்பும் விதைத்தது அங்கே இன்னும் முழுதாக எடுக்கப்படவில்லை. பாகிஸ்தான் தயாரிப்பு பி4, சீனத் தயாரிப்பு வகை 72, இயக்கத்தின் ஜொனி. எல்லாமே சில கிலோ பாரத்துக்கு வெடிப்பவை, சின்னப்பிள்ளையின் கால் போதும். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் முழு நாட்டையும் துப்புரவாக்க வேண்டும். ஆனால் பருவமழைக்கு முன் புல்லை வெட்ட வேண்டிய காணிக்காரர் 2028 வரை காத்திருக்க மாட்டார்.

இங்கே ஒரு சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். 'காணி விட்டாச்சு' என்பார்கள். இராணுவம் விட்ட காணியும் மிதிவெடி அகற்றிக் கையளித்த காணியும் ஒன்றல்ல. முள்ளுக்கம்பியை எடுத்துவிட்டு முகாம் போய்விட்டதால் நிலம் துப்புரவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கிராம அலுவலரிடம் கேளுங்கள். கிளிநொச்சியில் பிராந்திய மிதிவெடிச் செயற்பாட்டு அலுவலகம் இருக்கிறது, எந்தத் துண்டு அகற்றப்பட்டது என்ற வரைபடம் அவர்களிடம் உண்டு. பிரதேச செயலகம் ஊடாகவும் கேட்கலாம். பதில் தெளிவாக வராவிட்டால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை. மண்டையோட்டுப் பலகை, சிவப்பு அடித்த தடிகள், சிவப்புக் கற்கள் இருந்தால் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பலகையை யாரோ விறகுக்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கவும் கூடும். ஆகவே பலகை இல்லை என்பதை மட்டும் நம்பியும் இறங்கக்கூடாது.

பற்றையை எரித்துவிட்டால் லேசு என்று சிலர் நினைக்கிறார்கள். வெடிக்காமல் கிடக்கும் ஷெல்லுக்கும் கைக்குண்டுக்கும் நெருப்பு வைப்பது போன்றது அது. எரிந்து முடிந்து வெடிக்காவிட்டாலும், சூடுபட்ட வெடிமருந்து முன்பைவிட மோசமான நிலையில் இருக்கலாம்.

துப்புரவாக்கிக் கையளித்த காணியிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஒரு ஆழத்துக்குத்தான் தேடுவார்கள். மழை மண்ணைக் கரைக்கிறது, உழவு மெஷின் கீழிருப்பதை மேலே கொண்டுவருகிறது. ஆகவே நான் இப்போது வேலைக்குப் போனால் முதலில் மெஷினை எடுப்பதில்லை. நீளமான காட்டுக்கத்தியால் புல்லின் மேல்பாதியை மட்டும் மெல்லச் சாய்த்துக்கொண்டு, நிலத்தைக் கண்ணால் பார்த்தபடி நடக்கிறேன். தடியால் மண்ணைக் குத்திப் பார்ப்பதில்லை, அது எங்கள் வேலையல்ல. கண்ணில் படுவது பெரும்பாலும் முள்ளுக்கம்பிச் சுருள், தகரத் துண்டு, மண்மூட்டையின் நைலோன் நார், ரவைக் கோது, தென்னை மட்டை. முள்ளுக்கம்பியின் ஒரு முனை தெரிந்தால் இழுக்கக்கூடாது. மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்று தெரியாது. மெல்லிய கம்பி ஒன்று இரண்டு மரத்துக்கு நடுவே நிலத்துக்குச் சற்று மேலே ஓடினால் அதே இடத்தில் நிற்க வேண்டும். மண் அணை, பதுங்குகுழி, உடைந்த மதில், தனித்து நிற்கும் பெரிய மரத்தடி, கிணற்றடி. இந்த இடங்களில் இன்னும் மெதுவாக. சண்டை பிடித்தவர்கள் நிழலும் தண்ணீரும் மறைப்பும் உள்ள இடத்தில்தான் இருந்தார்கள்.

போன வருடம் இயக்கச்சியில் இப்படி நடக்கும்போது மண் அணை அடியில் துரு ஏறிய வால் ஒன்று தெரிந்தது, மோட்டார் ஷெல்லின் வால். கூட வந்த தம்பி, "அண்ணை, இது செத்துப்போன சாமான், தூக்கிப் போடுவம்" என்றான். துரு பிடித்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் பலமாக இருக்கிறது. அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நாங்கள் தொடவில்லை. வந்த காலடி வழியே திரும்பி வந்தோம். தூரத்து மரக்கிளையில் சிவப்புத் துவாயைக் கட்டினோம், வெடிபொருளுக்குப் பக்கத்தில் எதையும் நடவில்லை. காணிக்காரருக்கும் கிராம அலுவலருக்கும் சொன்னோம். பொலிசுக்கு 119க்கு எடுத்தோம். மூன்றாம் நாள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மூன்று நாளும் தம்பியை அந்தப் பக்கம் ஆடு மேய்க்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் வேலையில் வைத்திருந்தேன்.

வெட்டும் நேரத்தில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விரலை எடுங்கள், பிளேட் முழுதாக நிற்கும்வரை மெஷினை அந்தரத்திலேயே பிடித்திருங்கள், பிறகு நிறுத்துங்கள். ஏற்கெனவே வெட்டிய பாதையால் மட்டும் பின்வாங்குங்கள். பிளேட்டில் கம்பி சுற்றினாலும் இதே போலத்தான். மெஷினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கை வைத்துவிட்டு நிறுத்துபவர்கள்தான் விரலை இழக்கிறார்கள்.

கண்ணில் ஏதும் பட்டால் தேய்க்கக்கூடாது, குத்தி நிற்பதை இழுக்கக்கூடாது. ஒரு கடதாசிக் கப்பின் அடியைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 இலவச அம்புலன்ஸ் வரும். தனியாகக் காணிக்குள் போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெற்றோல் விஷயம் சுருக்கமாக. கலவை உங்கள் மெஷினின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். 25க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் ரூ-ரி ஒயில், 50க்கு 1 என்றால் 20. சூடான மெஷினுக்கு ஊற்றக்கூடாது, பீடியோடு ஊற்றவே கூடாது. ஊற்றிய இடத்திலிருந்து சில அடி தள்ளிப்போய் ஸ்ரார்ட் செய்யுங்கள். பாம்பைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. றபர் சப்பாத்து ஏன் என்று கேட்டவர்களுக்கு, கண்ணாடி விரியனும் சுருட்டையும் எங்கள் காணிகளில் எங்களுக்கு முன்பே மீள்குடியேறிவிட்டன.

செயற்கைக் கால் பூட்டியவர்கள் இந்த வேலை செய்யலாமா என்று என்னிடம் இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் செய்கிறார், என்னைவிட நேர்த்தியாக. மெஷினின் பாரம் தோளில் இருக்க வேண்டும், கையில் அல்ல. பட்டியை இடுப்பு உயரத்துக்குச் சரிசெய்து, இரண்டு தோளாலும் தாங்கும் பட்டி வாங்கினால் நடை தள்ளாடாது. மேடு பள்ளமும் வழுக்கும் ஈரப்புல்லும் அவர் எடுப்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறார். அதிர்வு விரல்களை மரக்கப்பண்ணும், இரண்டு கால் உள்ளவர்களுக்கும் அந்த ஓய்வு தேவைதான்.

இப்படியெல்லாம் செய்தால் நாளுக்கு அரை ஏக்கர் குறைகிறது. காணிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். போன கிழமை ஒரு ஐயா, நான் கத்தியோடு நடப்பதை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நடக்கிறதுக்கும் கூலியோ தம்பி?" என்று கேட்டார். "ஓம் ஐயா, அதுக்குத்தான் கூலி. வெட்டுறது பிறகு" என்றேன். யோசித்தார். பிறகு, கிணற்றடிப் பக்கம் 1996இல் ஒரு சென்றி இருந்தது, அந்தப் பக்கம் கவனமாகப் பார் என்று தானே வந்து இடத்தைக் காட்டினார்.