ஒரு கார்டுக்காக முழுக் கணினியும் நிற்க வேண்டுமா?

1981-இல் ஐ.பி.எம். பிசி வந்தபோதே பிழையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. நினைவகத்தில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் காவலாக 9-ஆவது பிட் ஒன்று. 1-களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்படி அதை எழுதி வைக்கும். படிக்கும்போது இரட்டைப்படையாக வந்தால் எங்கோ ஒரு பிட் புரண்டுவிட்டது என்று பொருள். இதற்குப் பெயர் பாரிட்டி. (பிரெஞ்சுப் பள்ளியில் இரட்டைப்படை 'பேர்', ஒற்றைப்படை 'எம்பேர்'. "எம்பேர்" என்று ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சில் ஒருவன் தன் பேரைச் சொல்வான்.)

கண்டுபிடித்த பிறகு என்ன செய்யும்? தாய்ப்பலகை நினைவகத்தில் கோளாறு என்றால் 'பாரிட்டி செக் 1', ஸ்லாட்டில் செருகிய கார்டிலிருந்து வந்தது என்றால் 'பாரிட்டி செக் 2' என்று திரையில் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். எங்கள் அலுவலகத்தில் இரண்டாவதை நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து அடித்த சம்பளப் பட்டியல் போயிற்று. "கரண்ட் போகலியே சார், ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டார் பக்கத்து மேஜை அம்மாள்.

நின்றதில் நியாயம் உண்டு. தப்பான தொகை பதிவேட்டில் ஏறுவதைவிட வேலை நிற்பது மேல். ஆனால் நூறு பேர் வேலை செய்யும் சர்வருக்கு அந்த நியாயம் போதுமா?

1992-இல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. பஸ்ஸிலும் பாரிட்டி இருந்தது. பிழையை அறிவிக்க இரண்டு தனிக் கம்பிகளும் இருந்தன. ஆனாலும் பெரிய பிழை என்றால் பெரும்பாலான இயந்திரங்கள் பழையபடி நின்றன.

வழியை மாற்றியது ஐ.பி.எம்.மின் பவர் சர்வர்கள். தெருவுக்கு ஒரு ஃபியூஸ் மாதிரி, ஸ்லாட்டைத் தனியாகத் துண்டிக்க முடிந்தது. பிழை வந்ததும் அந்த ஸ்லாட் மட்டும் உறைந்துவிடும். அதற்கு எழுதுவது எதுவும் போய்ச் சேராது. அதிலிருந்து படித்தால் எல்லா பிட்டும் 1-ஆகவே வரும். உண்மையான மதிப்பே அப்படி இருக்கலாம் அல்லவா? அதனால் ஸ்லாட் உறைந்திருக்கிறதா என்று ஃபர்ம்வேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பிறகு ஸ்லாட்டை ரீசெட் செய்து, கார்டை மறுபடி அமைத்து, வேலையைத் தொடரும். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப உறைந்தால் அந்தக் கார்டை நிரந்தரமாக ஒதுக்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் சிறு பிழைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். பொட்டலம் கெட்டுப் போனால் வன்பொருளே மறுபடி அனுப்பிவிடும். பெரியவற்றுக்குத்தான் டிரைவர் வேண்டும். அதற்கான பொது ஏற்பாடு லினக்ஸில் 2006-இல் வந்தது: பிழை வந்தது என்று டிரைவரிடம் சொல்லும், ரீசெட் ஆனதைச் சொல்லும், தொடரலாம் என்று சொல்லும்.

டிரைவருக்கு மீளத் தெரியாவிட்டால், பவர் சர்வரில் கார்டைக் கழற்றிச் செருகியது போல் செய்து பார்ப்பார்கள். நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் எழுந்துவிடும். வட்டுக் கார்டு என்றால், அதில் திறந்திருந்த கோப்புகளின் கதி வேறு.