அத்தையின் தகரப் பெட்டி

காரைக்காலில் அரசலாற்றுக்குச் சமீபத்தில் என் அத்தை வீடு. அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. திறந்தால் கற்பூர வாசனையோடு சரித்திரமும் வெளியே வரும். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ‘சொல்தா’வாக இருந்த மாமனார் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. ஒட்டாமல் மிஞ்சிய பிரெஞ்சிந்தியத் தபால் தலைகளும் இருந்தன. 1923-ஆம் ஆண்டு முதல் அவற்றில் விலையைப் பணத்திலும் காசிலும் அச்சிட்டார்கள். பிரெஞ்சுக்காரனும் நம் பணத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது!

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர், 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16-இல். கொடி மாறியது, கடல் கடந்த கடிதத்துக்காக வாசலைப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. அத்தான் பாரிஸுக்குப் போனார். அத்தை வாசலில் நின்றாள்.

பிறகு மின்னஞ்சல் வந்தது. 1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கிடையே, வலைத் தொடர்பின் வழியாக ஒரு செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் யந்திரத்தின் பெயரையும் பிரிக்க, விலைப் பட்டியலில் கிடந்த ஒரு சுழிக் குறியை நடுவே வைத்தார். அந்த முதல் கடிதத்தில் என்ன எழுதினோம் என்பது பிற்பாடு அவருக்கே மறந்துபோயிற்று! நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதி கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-இல்.

தபாலாபீசில் பெட்டி எண் வைத்திருப்பவர் தாமே போய்க் கடிதம் எடுத்து வருவதில்லையா? மின்னஞ்சலும் அப்படித்தான். எங்கேயோ ஒரு யந்திரத்தில் அது காத்திருக்கும். நாம் கேட்டால் தரும். ‘அஞ்சல்’ பழைய சொல். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தபாலுக்கு அதுதான் பெயர். 1951-இல் இந்தியத் தபாலோடு கலந்தது. நாம் அதன் முன்னே மின்னலைச் சேர்த்தோம். பிரெஞ்சு அரசும் 2003-இல் இங்கிலீஷ் சொல்லை விலக்கிக் ‘கூரியேல்’ என்று சொந்தச் சொல்லை ஏற்றது.

அத்தானின் முதல் மின்னஞ்சலைப் படிக்க அத்தையைக் கடைத்தெருவில் ஒரு பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். அக்காலத்தில் ஒரு யந்திரத்தின் தமிழ் எழுத்து மற்றொன்றில் தெரியாது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். கடைப் பையன் உரக்கப் படித்தான். அடுத்த நாற்காலிக்காரரும் எங்கள் வீட்டு க்ஷேம சமாசாரத்தைக் கேட்டுக்கொண்டார்.

“அவன் கையெழுத்து எங்கேடா?” என்றாள் அத்தை.

நான் என்ன சொல்வேன்? காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னாள். மடித்துப் பெட்டியில் வைத்தாள். பதிலை அவள் சொல்லச் சொல்லப் பையன் தட்டினான். வருஷக்கணக்கில் இப்படி நடந்தது.

அத்தை காலமான பிறகு அத்தான் வந்தார். பெட்டியில் தாத்தாவின் மை மங்காத கடிதங்கள். கீழே அவருடைய மின்னஞ்சல்கள், ஒன்று விடாமல்.

“அம்மா எனக்கு எழுதினதெல்லாம்?” என்று கேட்டேன்.

நெடுநாள் திறக்காததால் அந்தக் கணக்கை மூடிவிட்டார்களாம். அத்தனை பதில்களும் போய்விட்டன. சைகோன் கடிதம் கப்பலில் வந்து மூன்று தலைமுறை இருந்தது. நொடியில் பறந்த கடிதம் ஒரு தலைமுறைகூடத் தங்கவில்லை. யந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தகரப் பெட்டி வைத்திருந்தவள் அத்தை ஒருத்திதான்.