குருதி சொல்லும் குறி

கேரள எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தினின்று ஒரு தமிழ்க் குடும்பம், முற்றிய கணையப் புற்றுக்கு மருத்துவம் நாடிக் கோவைக்கோ, 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ செல்லுமாயின், குருதி ஆய்வுத் தாளில் 'சி.ஏ. 19-9' என்றோர் அளவைக் காணும். அவ்வெண்ணைக் கொண்டே நோயாளியின் நாள்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அதன் வரலாற்றை அறிந்தால் அத்துணை விரையமாட்டோம்.

1975-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்களான கோலரும் மில்ஸ்டைனும், ஒரே பொருளை மட்டும் இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருளை வேண்டுமட்டும் ஆக்கும் வழி கண்டனர். அவ்வழியில் 1979-இல் பிலடெல்பியா நகரக் கோப்ரோவ்ஸ்கி குழுவினர் பெருங்குடற் புற்றணுக்களை ஆராய்ந்தனர். ஆங்கே தென்பட்டதே இக்குறி. எனினும் மிகுதியும் பயன்பட்டது கணையப் புற்றுக்கே! மில்லிலிட்டருக்கு 37 அலகு வரை இயல்பெனக் கொள்வர். மருந்துக்குமுன் அளவு மிக உயர்ந்திருப்பின் ஆயுள் குறுகக்கூடும். மருந்தால் இறங்கின் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆயின் பித்தநாளம் அடைபட்டு மஞ்சட்காமாலை கண்டாலும் இது ஏறும்.

மற்றொரு புதுமையும் உண்டு. 1946-இல் மூரன்ட் என்பார் லூயிஸ் என்னும் குருதிவகையை அறிவித்தார். புற்றுநோய் அன்று அவர் கருத்திலேயே இல்லை. அவ்வகைப் பொருள் உடலில் அமையாதோர் ஐரோப்பியருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர். அன்னாரின் குருதியில், நோய் முற்றினும் சி.ஏ. 19-9 அநேகமாகத் தோன்றுவதில்லை. அவர்களுக்கு மருத்துவர் அல்புமின் அளவையும் வெள்ளணு வகைகளின் விகிதத்தையும் நோக்குவர். இவை பொள்ளாச்சி போன்ற சிற்றூர் ஆய்வுக்கூடங்களிலும் எடுக்கத்தக்கவை.