நிலத்தின் போர்வை

வளவைக் கூட்டிச் சருகுகளைக் குவித்துத் தீயிடுவது நம் வீடுகளிற் பழகிப்போன வழக்கம். வெறுமையாய்க் கிடக்கும் நிலமே சுத்தமான நிலம் என எண்ணுகிறோம். அவ்வெண்ணத்துக்கு இத்தீவு கொடுத்த விலை பெரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. புல்பூண்டு ஒன்றும் கண்ணிற் படாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல நிருவாகத்தின் அடையாளமென அன்று கருதப்பட்டது. அவ்வேலையிற் பாடுபட்டோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் துப்புரவாக்கிய சரிவுகளில் மழை நேரே அறைந்தது. காடு நெடுங்காலம் சேர்த்து வைத்த மேல்மண் ஆற்றோடு போயிற்று.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காலப்போக்கிற் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. நிலத்தைச் சுரண்டும் வழக்கமோ உடனே மாறவில்லை. மண்ணரிப்பைத் தடுக்க 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குவாத்தமாலாப் புல்லை வளர்த்து, வெட்டி, தேயிலையின் அடியிற் பரப்பும் முறையும் பரவிற்று. காடு இயல்பாகச் செய்ததை மனிதன் கூலி கொடுத்துச் செய்ய நேர்ந்தது.

இப்போர்வையையே மூடாக்கு என்கிறோம். அது மழைத்துளியின் அடியைத் தாங்கும், வெயிலை மறைத்து ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், உக்கியபின் மண்ணுக்கு உரமாகும். தென்னந்தோட்டத்தார் பொச்சுமட்டைகளை மரத்தைச் சுற்றிக் கவிழ்த்து அடுக்குவதும் இதன்பொருட்டே.

வீட்டுத்தோட்டத்தில் இதனைச் செய்யும் முறை எளிது. முதலிற் களையைப் பிடுங்கி, நிலத்தை நன்றாக நனையுங்கள். பின்னர்ச் சருகையோ வைக்கோலையோ 2 முதல் 3 அங்குலக் கனத்திற்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றிச் சில அங்குலம் வெறுமையாக விடுங்கள். தண்டோடு ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கி அடி அழுகும். விதை முற்றிய புல்லை இடாதீர்கள். களையை நாமே விதைத்தவராவோம். புதிய மரத்தூளை மண்ணோடு கலவாதீர்கள். அது உக்குங்காற் பயிருக்குரிய நைதரசனைச் சிலகாலம் கவர்ந்துகொள்ளும். வரண்ட நிலத்தாராயின், கறையான் ஏறுகிறதா என்று இடையிடையே கிளறிப் பாருங்கள்.

பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி முற்றத்தைக் கூட்டுகிறோம் என்பீர்கள். அது நியாயமே. முற்றத்தைக் கூட்டுங்கள், கூட்டிய சருகை மட்டும் தீக்கிரையாக்காது, வாழையடிக்கும் கத்தரிப் பாத்திக்கும் கொண்டு செல்லுங்கள். மலைநாடு இழந்த மேல்மண் திரும்பி வரவில்லை. நம் வளவிலுள்ள மண்ணையேனும் நாம் காத்துக்கொள்ளலாம்.